தானாக ஒளிர்ந்த வரிகள்

ஜின் என்றொரு படைப்பு உண்டு என்பதை நம்புகிறேன். அது கல்முனைக்கு வந்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்கள் சிரிக்கலாம். அன்றைய நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது.

எண்பதுகளின் கடைசி. காற்றில் கூரை போன வீடுகளின் பட்டியலை ஆங்கில எழுத்தில் கொம்பியூட்டரில் ஏற்றுவது என் வேலை. பட்டியலில் யார் பெயரோ, கட்டித்தரும் வீட்டின் உறுதிப் பத்திரமும் அவர் பெயருக்கே. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, உரிமையாளர் என்ற இடமெல்லாம் பெண்களின் பெயரைக் கண்டு, "புருஷன்மார் பேருக்கு மாத்துங்க" என்றார். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது. ஆண் அங்கே குடியிருக்கப் போகிறவன். அதைக் கேட்டறியக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

மாற்றிக்கொண்டே வந்தேன். எங்கள் தெருவிலிருக்கும் சுபைதா ராத்தாவின் வரியில் கை நின்றது. அவளுடைய புருஷன் அவளையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு வரிப்பத்தான்சேனையில் வேறொருத்தியோடு இருந்தான். ராத்தாவும் விஷயமறிந்து வந்து அலுவலக வாசலில் நின்றாள்.

"தம்பி, அது எண்ட உம்மா தந்த ஊடு. அவண்ட பேரப் போட்டா நாளைக்கே வந்து எங்கள றோட்டுல விடுவான். ஒங்களுக்கு அவனத் தெரியாதா?"

"சேர், இது அநியாயம்" என்றேன்.

"என்ன நானா, நீங்க டைப் பண்ண வந்தீங்களா, தீர்ப்புச் சொல்ல வந்தீங்களா?" என்றார் அதிகாரி.

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன். உடனே அந்த வரி ஒளிர்ந்தது.

அந்த இயந்திரத்தில் எல்லாமே விசைகள்தான். ஒரு வரியைத் தெரிவு செய்ய அதன் தொடக்கத்தில் இரண்டு விசை, முடிவில் இரண்டு விசை அழுத்த வேண்டும், அப்போதுதான் ஒளிரும். கோப்பை மூடினால் தெரிவு அழிந்துவிடும். நான் எதையும் அழுத்தவில்லை. மூடித் திறந்தேன், அதே வரி. இயந்திரத்தையே அணைத்துத் திரும்பப் போட்டேன், அதே வரி. அதிகாரி விசைகளைக் குத்து குத்தென்று குத்தினார். "என்ன விளையாட்டு இது?" என்று என்மேல் பாய்ந்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்.

நான் போகவில்லை. ஆத்திரத்தில் சுபைதா ராத்தாவின் பெயரையே திரும்பப் போட்டேன். ஒளி அணைந்தது. நம்பினால் நம்புங்கள், அதற்கு மேலே இன்னொரு வரி ஒளிர்ந்தது. சற்றுமுன் நான் வாய் திறக்காமல் மாற்றிய பெயர். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அதனால் கை நிற்கவில்லை. திருத்தினேன். அடுத்தது. பிறகு அதற்கு முந்தியது. இப்படி அன்று மாற்றிய அத்தனையும் பின்னோக்கி வந்தன. அதிகாரி மேலிருந்த கோபம் வரிக்கு வரி என் பக்கம் திரும்பியது.

முடிந்தது என்று அச்செடுக்கப் போனேன். பட்டியலின் உச்சியில் ஒன்று ஒளிர்ந்தது. அன்று நான் தொடாத வரி. திருத்தாத ஒன்றை அது எப்படிக் கண்டது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சாய்ந்தமருதில் நாங்கள் இருக்கும் வீடு அது, என் மனைவிக்கு அவள் வாப்பா கொடுத்தது. அதிகாரி ஊருக்கு வருமுன்பே, எவரும் சொல்லாமலே, அங்கே என் பெயரை எழுதி வைத்தவன் நான்.