தாய்மாமன் பெயரும் தொடுதிரையும்

அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். அச்சடிப்பது சிவகாசியில். டைப் அடிப்பதும் படம் சேர்ப்பதும் என் வேலை. வெளியே அலைவது அவர் வேலை.

ஒரு சித்திரை மாதம் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுபோனது. அவர் மதுரைக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தார். டி.வி. மாதிரி ஒரே துண்டாக இருந்தது. திரையைக் கையால் தொட்டே வேலை செய்யலாம். போட்டதும் கலர் கலராகக் கட்டங்கள் வந்து நின்றன. அதில் ஒரு கட்டம், வெளியே வெயில் எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதைக் கம்ப்யூட்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இடது மூலையில் இத்தனை வருஷமாக நான் அழுத்திவந்த ஸ்டார்ட் பட்டனைக் காணவில்லை.

"இத ஆஃப் பண்றது எப்படிங்க?" என்று கேட்டேன்.

"வலது ஓரத்துல வெரல வச்சு உள்ள இழு. அதுல வரும்."

வந்தது. ஆனால் அணைக்கிற பட்டனை எதற்காக ஓரத்துக்குள் ஒளித்து வைத்தார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நாள் முழுக்க இரண்டு கையும் கீ போர்டில் இருக்கிறவளுக்குத் திரை வரை கையைத் தூக்குவது தனி வேலை. ஒரு வாரத்தில் தோள்பட்டை வலித்தது. இது செல்போனுக்குச் செய்ததை மேஜைக்குக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

"இனிமே எல்லாம் இப்படித்தான் வரும். பழகிட்டா சரியாப் போகும்" என்றார்.

"நீங்க ஒரு பத்திரிகை டைப் அடிச்சுட்டு வந்து சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

கடைக்கு வருகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகை பார்க்க வருகிறவர்கள் எப்போதுமே திரையில் விரலை வைத்துத்தான் பேசுவார்கள். இந்த எழுத்துப் பெருசா இருக்கட்டும், அந்தப் பூ வேண்டாம் என்று. முன்பெல்லாம் தொட்டால் விரல் ரேகை மட்டும் விழும், சாயங்காலம் துணியால் துடைத்துவிடுவேன். இப்போது தொட்டால் ஏதாவது ஒன்று நடந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பந்தல்குடிப் பக்கத்திலிருந்து காடுகரை பார்க்கிற ஒரு சம்சாரி குடும்பம் வந்தது. பெண்ணின் அம்மாவும் அவர் அண்ணனும் வந்து கடைசியாகச் சரிபார்த்தார்கள். தாய்மாமன் என்கிற இடத்தில் அண்ணன் பேர் இருந்தது. அவர் தன் பேரின் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக இழுத்தார். நான் அப்போது அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, எத்தனை பத்திரிகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனின் உள்ளங்கை திரை ஓரத்தில் பட்டு, பத்திரிகை போய்க் கட்டங்கள் வந்துவிட்டன.

"ஏத்தா, எல்லாம் அழிஞ்சுபோச்சா?" என்று அவர் கையை உதறினார்.

"ஒண்ணும் ஆகலண்ணே" என்று திருப்பிக் கொண்டுவந்தேன். மூன்று பேருக்குமே பத்திரிகை அழியாமல் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது. அப்படியே சேமித்துச் சிவகாசிக்கு அனுப்பினோம்.

பத்திரிகை அச்சாகி அவர்கள் கைக்குப் போன மறுநாள் அண்ணனும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்தது. அண்ணன் பத்திரிகையை மேஜையில் வைத்தார். தாய்மாமன் என்று இருந்தது, அதற்குக் கீழே வெறும் இடம்.

"எங்க வீட்டுக்காரருதான் பேர எடுக்கச் சொன்னாருன்னு அண்ணன் நெனைக்கிறாக" என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேருக்கும் ஏற்கனவே வரப்புத் தகராறு. கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாக. அதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். நீங்களே சொல்லுங்க."

"யாரும் எடுக்கச் சொல்லலண்ணே" என்று பத்திரிகையைத் திரையில் திறந்தேன். அதிலும் பேர் இல்லை. பக்கத்தில் இருந்த குத்துவிளக்குப் படத்தை நகர்த்திப் பார்த்தேன். அதற்குப் பின்னால் பேர் முழுசாக இருந்தது.

"இத யாரு அங்க கொண்டுபோய் வச்சது?" என்றார் அண்ணன்.

கடைக்கு வந்தவரிடம் நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? பேரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "அன்னைக்குத் தொட்டுப் பாத்தீகல்ல, அதே மாதிரி ஒருக்கா தொடுங்கண்ணே" என்றேன்.

அவர் விரலை வைத்து இழுத்தார். பேர் வழுக்கிக்கொண்டு விளக்குக்குப் பின்னால் போனது.

தங்கைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டு, "மச்சானப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனே" என்றார். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று போன் பேசினார். நாங்கள் காதுகொடுக்கவில்லை. உள்ளே வந்தவர், "அடிச்சுக் குடுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மறு அச்சுப் பத்திரிகைகளை வாங்கிக்கொள்ள வந்தபோது பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார். ஒரே பைக்கில் வந்திருந்தார்கள்.

பேர் விளக்குக்குப் பின்னால் கிடைத்த அன்று சாயங்காலமே, திரையைத் தொட்டால் எதுவும் நகராதபடி செய்து தாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தொடுறதுக்குன்னுதான தேடிப் பிடிச்சு வாங்குனேன்" என்றார். ஆனாலும் செய்துகொடுத்தார்.

கொஞ்ச காலத்தில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களே ஸ்டார்ட் பட்டனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் உலகமே திட்டியிருக்கும் போல. நான் ஜெயித்துவிட்டதாக என் வீட்டுக்காரர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல யோசனைதான், அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது அவர் கட்சி. திரையைப் பார்க்க மட்டும் உட்காருகிறவர்களை நினைத்து அதைச் செய்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களை நினைக்கவில்லை என்பது என் கட்சி. இதற்காக நாங்கள் சண்டை போட்டதில்லை. கடையில் கூட்டமில்லாத மதியங்களில் எப்போதாவது பேச்சு இதில் வந்து நிற்கும். ஆள் வந்ததும் விட்டுவிடுவோம்.