இரண்டு தூக்குக் கஞ்சி

எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று குழுக் கடனையும் அடைத்தவள் என்பார்கள். கூட்டத்தில் புதிதாகக் கடன் எடுக்கிற பெண்களிடம், "இந்த அக்காவ கேளுங்க, எப்டி மிச்சம் புடிக்கிறதுன்னு சொல்லும்" என்று என்னைக் கைகாட்டுவார்கள். நானும் சொல்வேன். சோப்பை நூலால் மூன்றாக அறுத்து வை. பருப்பை ராத்திரியே ஊறப் போடு. அடுப்பை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பற்றவை. மாமனாரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. கட்டிய வயிறுகளில் ஒன்று அவருடையது.

கடன் வந்த கதை பெரிதில்லை, ஆம்பூரில் பாதி வீட்டில் அதே கதைதான். நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். இன்னொருத்தனுக்கு ஏன் உழைக்க வேண்டும், வீட்டிலேயே மிஷின் போட்டு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கலாமே என்று ஒரு நாள் அவருக்கு ஞானம் வந்தது. மகளிர் குழுக் கடன் என்பதால் எல்லாம் என் பெயரில். நான்கு மிஷின் வந்தது, எட்டு மாதம் ஓடியது. பிறகு ஆர்டர் கம்மி என்று கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். மிஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் அவர் பழைய வேலைக்கே போனார். கடன் என் பெயரில் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வசூல். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் இருக்கிற மற்ற எல்லாரும் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை யாரும் நகர முடியாது. நானே இரண்டு வீட்டு வாசலில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவள் அழுவது வெளியே கேட்கும். எனக்குப் பாவமாக இருந்ததில்லை, ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று எரிச்சலாகத்தான் இருக்கும். அதனாலேயே என் வாசலில் எவளும் வந்து உட்காரக் கூடாது என்று வைராக்கியம் வந்தது. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று வீட்டில் சொன்னேன்.

கம்பெனியில் என் வேலையே எது வீணாகிறது என்று பார்ப்பதுதான். அந்தக் கண்ணோடு வீட்டைச் சுற்றி வந்தேன். முதலில் மாட்டியது கேன் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, தோல் பதனிடுகிற ஷாப்காரர்கள் விட்ட கழிவில் அத்தனை உப்பு. குடிக்க மட்டும் கேன், சமையலுக்குப் போர் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். பருப்பு எட்டு விசிலுக்கும் வேகாமல் கிடந்தது. சிலிண்டர் பத்து நாள் முன்னாலேயே தீர்ந்தபோதுதான், தண்ணீரில் பிடித்த மிச்சம் கேஸில் போகிறது என்று எனக்கே உறைத்தது. வீட்டுக்காரர் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு பால் பாக்கெட் பாதியானது. கேபிள் போனது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ரேஷன் அரிசியை நாங்களே வடித்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதத்துக்கு ஒரு நாள் என்றானது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் பழகிவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் தலை நிமிர்ந்து போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு அது பிடித்திருந்தது. நான் ஒருத்தி சொல்ல வீடே கேட்கிறது என்ற திமிர்.

கடைசியாக மாமனாரிடம் வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தோல் ஷாப்பில் வேலை செய்து மேஸ்திரியாக ஓய்ந்தவர். மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். அவருக்கு இருந்த ஒரே செலவு, காலையிலும் சாயங்காலமும் முனைக்கடையில் ஒரு டீயும் தொட்டுக்கொள்ள ஒரு பொறையும். கூட வேலை செய்த நாலைந்து கிழவர்கள் அங்கே வருவார்கள். ஒரு நாள் ஒருத்தர் காசு கொடுப்பார், மறுநாள் இன்னொருத்தர். முதியோர் பணம் அதற்குத்தான் சரியாக இருந்தது.

"மாமா, மூணு வருஷம் மட்டும். பணம் எடுக்கிற கார்டு எங்கிட்ட இருக்கட்டும். டீ வூட்லயே போட்டுத் தர்றேன்" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "வெச்சிக்கம்மா. எனக்கு இன்னா செலவு."

வீட்டு டீ என்றால் காலையில் பால் போட்டது, சாயங்காலம் கருப்பு டீ. அவர் அதைக் குடித்துக்கொண்டார். முனைக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஏன் தாத்தா போகவில்லை என்று மகள் கேட்டதற்கு, "தெனமும் அடுத்தவன் காசுல குடிக்க முடியுமா பாப்பா" என்றாராம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீக்கடைக் கூட்டாளிகள் அந்த வழியாக வந்தால் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டாவது வருஷம் ரம்ஜான் வந்தது. எங்கள் பக்கத்தில் ரம்ஜான் மாதம் முழுக்கப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். நோன்பு திறப்பதற்கு முன்னால், சாயங்காலம் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போனால், யார் என்ன என்று கேட்காமல் ஊற்றுவார்கள். கறி கொஞ்சம், பருப்பு, புதினா எல்லாம் போட்டு மணக்க மணக்க இருக்கும். நோன்பு வைக்காத எங்களைப் போன்ற வீடுகளிலும் ஆசைக்கு ஒரு நாள் இரண்டு நாள் பிள்ளைகளை அனுப்பி வாங்கிக் குடிப்போம். அதை முப்பது நாளைக்கும் ராத்திரிச் சாப்பாடாக ஆக்கலாம் என்று கணக்குப் போட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நான் கம்பெனியிலிருந்து வர ஆறரை ஆகும். வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். மாமனாரிடம் தூக்கைக் கொடுத்தேன்.

"பாப்பாவ அனுப்பலாமா?" என்று கேட்டார்.

"அதுக்குப் படிப்பு இருக்குது மாமா. நீங்க சும்மாத்தானே இருக்கீங்க."

அவர் தூக்கை வாங்கிக்கொண்டார். முதல் வாரம் ஒரு தூக்கு. ராத்திரி அடுப்பே பற்றவைக்கவில்லை, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு தூக்கு கொடுத்து அனுப்பினேன். மிச்சத்தைக் காலையில் சுடவைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாமே.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நான் அவரை அனுப்பிய பள்ளிவாசலில் கஞ்சிச் செலவை ஏற்றுக்கொள்வது மாமனார் வேலை செய்த தோல் ஷாப்பின் முதலாளி குடும்பம். அவர் மேஸ்திரியாக இருந்த காலத்தில் நோன்பு மாதத்தில் முதலாளி வீட்டிலிருந்து ஷாப்புக்கே ஓர் அண்டா கஞ்சி வருமாம். வேலையாட்களை வரிசையில் உட்கார வைத்து ஊற்றுகிற பொறுப்பு இவருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் இதை அவர் வாயாலேயே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் போய் நின்றிருப்பேனா? மாட்டேன். கம்பெனியில் என் கீழே நாற்பது பேர், அவர்களில் யாராவது பார்த்தால் என் மரியாதை என்ன ஆவது? என் வீட்டுக்காரரும் போயிருக்க மாட்டார். அப்பா தூக்கோடு கிளம்புவது தெரிந்தும் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. என்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை அவர்மேல் போட்டுக்கொள்கிறேனோ என்னவோ.

என் லைனில் தைக்கிற ஒரு பெண், அந்தப் பள்ளிவாசல் தெருக்காரி, சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க மாமனாரு வர்றாரு இல்ல, அவுரு வரிசையில நிக்கிறதில்லயாம். கூட்டமெல்லாம் போற வரிக்கும் செவுத்தோரமா நின்னுட்டு கடைசியா வர்றாராம். எங்க வூட்டுக்காரரு அங்கதான் ஊத்துறாரு. நான் வேணா வூட்டுக்கே குடுத்தனுப்பட்டுமா?"

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "உனக்கு இன்னா பேஜாரு? எல்லாருக்கும் ஊத்துறதுதானே, அவுருக்கும் ஊத்தட்டும்" என்றேன். அன்று சாயங்காலம் அவள் தைத்ததில் மூன்று ஜோடியை வேண்டுமென்றே ரிஜெக்ட் செய்தேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் மாமனார் ஒரு தூக்கில் மட்டும் கஞ்சியோடு வந்தார். அதுவும் முக்கால்தான் இருந்தது. இன்னொரு தூக்கு காலி.

"இன்னா மாமா, ஒண்ணுதானா?"

"தீந்துபோச்சும்மா."

ஆறரை மணிக்குப் பசியோடு வந்தவள். தலைவலி வேறு. மறுநாள் செவ்வாய்க்கிழமை. இதையெல்லாம் சொல்வது எனக்குச் சாக்குத் தேடத்தான். காலித் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டேன், "அங்கயே குடிச்சிட்டு வந்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பேத்திக்கும் மகனுக்கும் ஊற்றச் சொல்லிவிட்டு, பசி இல்லை என்று போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு, திமிரியில் கட்டிக்கொடுத்த தன் மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வருவதாகச் சொன்னார். பஸ் காசு கேட்டார். கொடுத்தேன், சில்லறையாக.

அந்த வாரமே லைன் பெண் மறுபடி வந்தாள். மூன்று ஜோடிக்குப் பிறகும் என்னிடம் பேச அவளுக்கு மனசு இருந்தது. "அன்னிக்கி கஞ்சி சீக்கிரமே தீந்துபோச்சுக்கா. பெரியவரு வெறுந்தூக்கோட திரும்பிப் போனாரு. எங்க வூட்டுக்காரருதான் கூப்ட்டு, ஊத்துறவங்க நோம்பு தொறக்க எடுத்து வெச்சிருந்தத ஊத்திக் குடுத்தாரு. வாங்கவே மாட்டேன்னாராம். வூட்ல கேப்பாங்கன்னு சொல்லிட்டு வாங்கினாராம்."

கேட்டதும் கழிப்பறைக்குப் போய் நின்று அழுதேன். அழுதுவிட்டுத் திமிரிக்குப் போனேனா? போகவில்லை. போக வர ஆறு பஸ், ஒரு நாள் சம்பளம் போகும். அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. ஓர் ஆள் குறைந்ததில் அரிசி மிச்சமாகிறது என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. முதியோர் பணக் கார்டு என்னிடமே இருந்தது. மாதாமாதம் எடுத்துக் குழுவில் கட்டினேன். பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்காரர், "அப்பா அங்கயே நல்லாக்கீறாரு" என்றார். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்று போனவர் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்.

கடைசித் தவணை கட்டிய செவ்வாய்க்கிழமை குழுவில் கை தட்டினார்கள். அந்த ஞாயிறு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். வேலூரில் ஒரு பஸ், ஆற்காட்டில் ஒரு பஸ். மாமனாருக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு கிலோ ஆப்பிள், கூடவே அந்த வங்கிக் கார்டு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

நாத்தனார் வீட்டில் அப்போதுதான் சாப்பாடு. கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். நாத்தனாருக்கும் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. அரை ஏக்கர் வேர்க்கடலை, இரண்டு மாடு, அவ்வளவுதான். அவள் அப்பாவைக் கேட்காமலேயே இரண்டாம் தடவை சோறு வைத்தாள். அவரும் மறுக்காமல் பிசைந்து சாப்பிட்டார். என்ன நடந்தது என்று அவளிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது, அவள் என்னை வரவேற்றதிலேயே தெரிந்துவிட்டது. "வா அண்ணி, இப்பதான் வழி தெரிஞ்சிதா" என்று எனக்கும் தட்டு வைத்தாள்.

அவர் கை கழுவி வந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா, கடன் எல்லாம் முடிஞ்சிருச்சி. இனிமே ஒண்ணுமில்ல. நம்ம வூட்டுக்கு வாங்க" என்றேன். கார்டை அவர் கையில் வைத்தேன். யோசித்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். கடன் முடிந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். மூன்று குழுவுமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்றார். எப்போது கிளம்ப வேண்டும் என்று மகனைக் கேட்டார். அப்புறம் என் பக்கம் குனிந்து, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டார். குத்திக் காட்டத் தெரிந்தவரில்லை அவர். இருபது வருஷமாக எனக்கு அது தெரியும்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு நான் எங்கம்மா போவணும்? இப்ப நோம்பு மாசங்கூட இல்லியே."

கையில் சொம்போடு நின்றிருந்த நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அப்பா இன்னா கேக்குறாரு அண்ணி?" என்றாள்.