பேராசிரியர் பியோ கேட்காத உதவி

பேராசிரியர் பியோ யாரிடமும் எந்த உதவியும் கேட்டதில்லை. அவருடைய மாணவர்களான எங்களுக்கு அதுதான் பெரும் தொந்தரவு. கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது?

தென்கொரியாவின் தேகு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தார். மனிதர்கள் கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு, வராத வேலைக்கு ஏன் காத்திருக்கிறார்கள் என்று தடிமனாக ஒரு புத்தகம் எழுதியவர். அதன் அட்டவணைகளைப் போட்டுக்கொடுத்தது எங்களில் மூத்தவரான தாக் அக்கா. அக்காவும் வராத வேலைக்குத்தான் காத்திருந்தார். முனைவர் பட்டத்தோடு, மணிக்கணக்குச் சம்பளத்துக்கு, மூன்று கல்லூரிகளுக்குப் பேருந்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

பியோ மோசமான ஆசிரியர் அல்ல. மாணவர் கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்கமாட்டார். கால்புள்ளியைக்கூடத் திருத்தித் தருவார்.

ஒரு குளிர்காலத்தில் தெற்கே கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்று தாக் அக்காவை நேர்முகத்துக்கு அழைத்தது. நிரந்தர வேலை. நாற்பதைத் தாண்டியவருக்கு இன்னொரு அழைப்பு வராது என்று எல்லோருக்கும் தெரியும். நேர்முகத்துக்கு முந்தின நாள் பியோவின் தாயார் இறந்துபோனார்.

மருத்துவமனையின் சாவு மண்டபத்தில் மாணவர்கள் நாங்கள் கூடிவிட்டோம். அங்கத்திய வழக்கப்படி, துக்கத்துக்கு வருகிறவர்களின் செருப்பை அடுக்குவது, கறி சூப் பரிமாறுவது, சோஜு மது ஊற்றுவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

"அக்கா, நாளைக்கு இன்டர்வியூவ வச்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க? கெளம்புங்க" என்றேன்.

"மூத்தவ நானே போயிட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்தம்மா எந்திரிச்சு வந்து உங்களத் தேடப் போறாங்களா?"

"பேசாம கிண்ணத்த எடுடா."

மறுநாள் மதியம் துக்க உடையில் வந்த பியோ, அக்காவைப் பார்த்ததும் நின்றார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"சூப் ஊத்துறேன் சார்."

"இன்னிக்கு இன்டர்வியூ இல்ல?"

"இந்நேரம் முடிஞ்சிருக்கும் சார்."

"நான் உன்னை வரச் சொன்னேனா?"

"இல்ல சார்." அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "உங்க அறுபதாவது பொறந்தநாளுக்கு உங்க ஸ்டூடண்ட் ஜோ அண்ணன் வரல. நீங்க ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எந்த வேலைக்கும் அவர் பேரயும் சொல்லல."

பியோவுக்கு உண்மையிலேயே அது நினைவில்லை. வாசலுக்குப் போய் அந்தக் கடலோரப் பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவருக்குத் தொலைபேசினார்; பழைய வகுப்புத் தோழர்தான். பக்கத்தில் நின்ற எனக்கும் பதில் கேட்டது.

"வர முடியாதுன்னு போன் பண்ணி காரணத்தச் சொன்னாங்கப்பா. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாணவியான்னு கமிட்டியே அசந்துபோச்சு. ஆனா வந்தவங்கள்லதான தேர்ந்தெடுக்க முடியும்."

மார்ச்சில் அக்கா பூசானில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்துவிட்டார். பியோவின் ஓய்வு விழாவுக்கு நான்தான் அக்காவுக்கு அழைப்பு அனுப்பினேன். அன்றைக்கு வகுப்பு இருக்கிறது, வர முடியாது என்று பதில் வந்தது.