பொன்னுரங்கம் கழற்றிய எட்டுப் பட்டை

பொன்னுரங்கம் எனக்கு மச்சான் முறை. களமருதூரில் எங்கள் சின்னம்மா குஞ்சம்மாளுக்கு ஐந்தும் பெண். கடைசிப் பெண் அமிர்தத்தைக் கட்டிக்கொண்டு வடக்கனந்தலுக்குப் போனவர் இவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வாசலில் நின்ற எங்கள் மாட்டுவண்டியின் அச்சைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வந்தார். பெண்ணை அதற்கப்புறம்தான் பார்த்தார். இதை அமிர்தம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கரும்பு டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுவதுதான் அவர் தொழில். மூங்கில்துறைப்பட்டில் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டு, வடக்கனந்தலில் சொந்தமாகப் போட்டார். போட்ட முதல் வருசமே, அவர் கட்டிய டிரெய்லர் ஒன்று கரும்போடு நடுரோட்டில், அச்சுக்கு மேலே வில் மாதிரி அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டை முறிந்து உட்கார்ந்துவிட்டது. கரும்புக்காரர் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வி அவருக்கு ஆறவேயில்லை. அன்றிலிருந்து, மற்றவர்கள் ஒன்பது பட்டை வைத்தால் இவர் பத்து வைப்பார். ‘பொன்னுரங்கம் வண்டி உடையாது’ என்று ஒரு பேர் வந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றுவதிலேயே முப்பத்துநாலு வருசம் ஓடிப்போனது.

அமிர்தம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியிருக்கிறாளே தவிர, அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை. குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கி, விடிந்ததும் பனிக்குள்ளே டீ குடிக்க வேண்டும் என்பாள். ஆலையில் கரும்பு அரவை முடியட்டும் என்பார் இவர். முடிந்தால் பழுது பார்க்க வண்டிகள் வந்து நிற்கும். பிறகு அவளுக்கு முட்டி தேய்ந்து, கீழே உட்கார முடியாமல் போனது. கக்கூசுக்கு நாற்காலி வேண்டும். அதனால் கல்யாணம் காட்சிக்குக்கூட வெளியூரில் தங்குவதை விட்டுவிட்டாள்.

போன ஆடியில் மகள் செந்தமிழ்ச்செல்வி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். புருசனும் பெண்சாதியும் ஜீப்புக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் ஒன்றைக் கோத்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். டிரெய்லருக்குள்ளேயே கட்டில், பின்பக்கம் அடுப்பு. பொன்னுரங்கம் அதை ஏழெட்டுத் தடவை பார்த்தார்.

“அமிர்தம், இது நம்ம டிரெய்லருக்குத் தம்பி மாதிரி இருக்குது. கட்டட்டுமா?”

“கட்டு. ஒரு தடவ வர்றேன். நல்லாருந்தா ஊர் ஊரா போவலாம். இல்லன்னா என் ஆயுசுக்கும் என்னை எங்கியும் கூப்புடாத.”

இந்தப் பேச்சு நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு மாசம் வேறு வேலை எடுக்கவில்லை மனிதர். ஒற்றை அச்சு, காட்டுப்பாதையில் கல் இடிக்காத உயரத்துக்கு ஜீப் சக்கரம், தகரக் கூண்டு, கொசுவலை அடித்த ஜன்னல். உள்ளே பலகைக் கட்டில். பின்கதவைத் தூக்கினால் மேசை இழுப்பறை போல அடுப்படி வெளியே வரும். அதன் உயரத்துக்கு அமிர்தத்தின் இடுப்பில் டேப் வைத்து அளந்தார். “இந்த வயசுல அளவு எடுக்கறான் பாரு அண்ணா” என்று என்னிடம் வெட்கப்பட்டாள். பக்கத்தில் தார்ப்பாய் மறைப்பு. அதற்குள் நடுவில் ஓட்டை போட்ட இரும்பு நாற்காலி. பட்டை மட்டும், சின்ன வண்டிதானே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு பக்கத்துக்கு எட்டாகக் குறைத்தார்.

ஆவணியில் கிளம்பினார்கள். என்னையும் பட்டறையின் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். கோமுகி அணை தாண்டி மலை ஏறும்வரை தார் ரோடு, ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஓடைக்கரைக்குப் போகும் மண்பாதையில் இறங்கியதும் டிரெய்லர் கன்றுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை.

“இன்னாய்யா, அது நமக்கு முன்னாடி போயிடும்போல” என்றாள் அமிர்தம்.

“வண்டி நல்லா வெறப்பா இருக்குது. அதான்” என்றார் அவர், பெருமையாக.

இடம் வந்து பின்கதவைத் தூக்கினோம். முட்டை, எண்ணெய், மஞ்சள்தூள், தோசைமாவு எல்லாம் ஒன்றாகி வழிந்தது. அடுப்பு குப்புறக் கிடந்தது. கட்டில் பலகை பிளந்திருந்தது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாற்காலியின் கால் வெல்டிங் விட்டு உடைந்திருந்தது. அமிர்தம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

“ஒரு தடவ ஆச்சு” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மச்சான் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் அவர் செய்ததுதான் வேடிக்கை. வண்டிக்கு வலு பத்தவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் ஒரு ஜோடி பட்டை வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய ஸ்பிரிங் கடை வைத்திருக்கும் அமீர் அவருக்கு இருபது வருசப் பழக்கம். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அமீர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“அண்ணே, அதுல கரும்பு ஏத்தப் போறீங்களா, அண்ணிய ஏத்தப் போறீங்களா?”

“இன்னா கேள்வி இது?”

“அஞ்சு டன்னு ஏத்துனாதான் அந்தப் பட்ட வளையும். கட்டிலும் டப்பாவும் வச்சா அது எதுக்கு வளையுது? பள்ளத்துல வுழுந்தா தூக்கிப் போடும். ஆலையில எறக்கிட்டு காலியா வர்ற டிரெய்லரு எப்படிக் குதிக்குது? பாத்ததில்ல?”

முப்பத்துநாலு வருசமாகப் பார்த்திருக்கிறார். அதை வண்டியின் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நாலு போதும்ணே. ஜாஸ்தி வேணாம். டயருல காத்தும் கம்மி பண்ணுங்க.”

“நாலா? பொன்னுரங்கம் வண்டியிலயா? ஊர்ல சிரிப்பானுங்க.”

“அண்ணி சிரிச்சா போதாதா?” என்றார் அமீர்.

அன்றைக்கு வாங்காமல் திரும்பினார். இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். மூன்றாம் நாள் ஜாக்கி போட்டுத் தூக்கி, நடு போல்ட்டைக் கழற்றிப் பக்கத்துக்கு ஒரு பட்டை உருவினார். முப்பது முட்டை அட்டை ஒன்றைக் கட்டில்மேல் வைத்து, கரும்புக் கொல்லை வண்டிப்பாதையில் ஒரு சுற்று ஓட்டினார். பத்தொன்பது உடைந்தது. அடுத்த பட்டையை உருவினார், பதினொன்று. உடைந்ததையெல்லாம் அமிர்தம் பேசாமல் ஆம்லெட் போட்டுப் பட்டறை ஆட்களுக்குக் கொடுத்தாள். புரட்டாசி பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. பிறந்துவிட்டால் தின்ன ஆள் கிடைக்காது.

ஐந்து பட்டையில் நாலு முட்டை. அதோடு கையைக் கழுவப் போனார்.

“போதும். நாலு முட்டதான?”

அத்தனை நாளும் வாய் திறக்காதவள் அடுப்படியிலிருந்து வந்தாள். “அந்த நாலுல ஒண்ணு நானுய்யா.”

அவர் மறுபடி ஜாக்கி போட்டார். அந்தக் கடைசிப் பட்டையை உருவும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்துக்கு நாலு மிஞ்சியது. இந்தத் தடவை ஒரே ஒரு முட்டையில் கீறல். அது கடையிலேயே கீறல் என்று சாதித்தார். அமிர்தம் மற்ற இருபத்தொன்பதையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “போன தடவ நான் வந்தது கரும்பு வண்டியில. அது கணக்குல வராது” என்றாள்.

புரட்டாசி இரண்டாம் வாரம், அதே ஓடைக்கரை. நான் ஜீப்பில் தூங்கினேன். விடிந்து எழுந்தபோது பனிக்குள் அமிர்தம் முக்காடு போட்ட போர்வையோடு அடுப்படியை இழுத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி நாலு காலில் நின்றது. அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, இங்க வந்து பாரு” என்று கூப்பிட்டாள். கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டை ஒன்று. பிரித்தால், கழற்றிய எட்டுப் பட்டையும் எண்ணெய் தடவி அடுக்கியிருக்கிறது.

“இன்னாய்யா இது?”

“ஒருவேள ஒடைஞ்சா…” என்றார் அவர், நிமிராமல்.

அவள் சிரித்த சிரிப்பில் டம்ளர் டீ பாதி கொட்டியது. ஒரு பட்டையை எடுத்துப் போய், வண்டி சாயாமல் தாங்கும், ஈர மண்ணில் புதைந்திருந்த முட்டுக்காலுக்கு அடியில் கொடுக்கச் சொன்னாள். கூண்டு நேராக நின்றது. மீதி டீயை அவரிடம் நீட்டிவிட்டு, எதிரே பனி விலகிய மேட்டைக் கை காட்டினாள்.

“அதுக்கு அந்தாண்ட இன்னா ஊருய்யா?”