மைக்கில் சொல்லக்கூடாத பெயர்கள்

பள்ளி விழாவுக்கு மேடை போடுமுன் ஊரைக் கேட்டறிய வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், விழுப்புரத்தில் என்னுடன் பணியாற்றிய தையலாசிரியை சரோஜா. விழாப் பொறுப்பைச் சுமந்து களைத்த ஆசிரியப் பெருமக்களே, அதன் பொருளை நான் எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில்தான் உணர்ந்தேன். ஊர் திரண்டு வந்து கேட்டால் ஒன்பதாம் வகுப்புத் தருவதாகக் கல்வி அதிகாரி வாக்களித்திருந்தார். கூட்டம் சேராவிட்டால் எங்கள் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பறிக்கப் போக வேண்டியதுதான்.

வீடு வீடாக

பள்ளி முற்றம் சிறியது. ஆகவே ஏரிக்கரை மைதானத்தைத் தேர்ந்து, வீடுதோறும் சென்று அழைத்தேன். எல்லாரும் வருவதாகத் தலையசைத்தார்கள். பரிசு பெறுவோர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்போம் என்றதும் தலையசைப்பு நின்றது. முந்தைய ஆண்டு அந்த ஏரியில் மூழ்கி இறந்த ஏழாம் வகுப்பு மாணவி வள்ளியை, அதற்கு முந்தின நாள் தண்ணீர்ப் பக்கமிருந்து யாரோ பெயர் சொல்லி அழைத்தார்களாம். இது மூடநம்பிக்கை என்று பாடம் நடத்தத் தொடங்கினேன். ஒரு மாணவியின் தாய் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க படிச்சவங்க, பேசுவீங்க. எம் பொண்ணு பேரு தண்ணி காதுல வுழுந்துச்சுன்னா அது மறக்காதுங்க டீச்சர்."

மைக் செட்டுக்காரர்

பெயருக்குப் பதில் வரிசை எண்ணை வாசிப்பதென்று விட்டுக்கொடுத்தேன். விழாவன்று பிற்பகல், மைக் செட்டுக்கார நாராயணன் புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிச் சோதித்தார். "ஒண்ணு" என்றார், எதிர்க்கரைப் பாறையும் "ஒண்ணு" என்றது. "ரெண்டு" என்றார், "ரெண்டு" வந்தது. பிறகு "மூணு" கேட்டது. ஒலியலைகள் மோதித் திரும்புவதே எதிரொலி என்று விளக்கினேன். அவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"அதெல்லாம் சரிங்க டீச்சர், நான் இன்னும் மூணு சொல்லவேயில்லீங்க."

மேடைக்குப் பின்னால்

ஊரே வந்தது; ஒருவர்கூட ஏரிக்கு முதுகு காட்டி அமரவில்லை. கல்வி அதிகாரியும் மகிழ்ந்துபோனார். அப்போது வள்ளியின் தாய் அஞ்சலை மேடைக்குப் பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பற்றினார். ஈரமான கை.

"நான் தெனம் கரையில நின்னுக்கினு கூப்புடுறேன், எங் கொரலு எட்டலீங்க. உங்க மைக்குல ஒரே ஒருதரம் எம் பொண்ணக் கூப்புட்டுப் பாருங்க டீச்சர்."

கடைசிப் பரிசு

கூப்பிட்டால் கூட்டம் கலையும். ஒன்பதாம் வகுப்பும் கலைந்துபோகும். எண்களை வாசித்து முடித்தேன். அஞ்சலை கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வள்ளி, ஏழாம் வகுப்பு" என்றேன்.

தாய்மார்கள் தத்தம் பிள்ளைகளின் காதுகளைப் பொத்தினார்கள். எவரும் எழுந்து போகவில்லை. விவரமறியாத கல்வி அதிகாரி ஒருவர்தான் கைதட்டினார். அஞ்சலை மேடையை நோக்கி நடந்தார். அவருடைய ஒரு கை, சிறுமி ஒருத்தியின் தோளுயரத்தில், எதையோ அணைத்தாற்போல் வளைந்திருந்தது. கூட்டம் இருவர் நடக்கும் அகலத்துக்கு ஒதுங்கி வழிவிட்டது. நான் பரிசுக்கான எவர்சில்வர் தம்ளரோடு காத்திருந்தேன். படியருகே நின்ற அஞ்சலை, பக்கவாட்டில் குனிந்து மெல்லச் சொன்னார்.

"பாத்து ஏறு கண்ணு, பலகை ஆடுது."

ஒன்பதாம் வகுப்பு அந்த ஆண்டே கிடைத்தது. ஆயினும் அதன்பின் ஓய்வு பெறும்வரை, விழாக்களில் பெயர் வாசிக்கும் பெருமையை உடற்பயிற்சி ஆசிரியருக்கே நான் தாராளமாக விட்டுக்கொடுத்து வந்தேன்.