‘விசேஷம் உண்டா?’ என்று கேட்டவன்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன் நான். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. என்ன அடக்கம் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்கம்தான் காரணம்.

காரைக்குடியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் வேலைக்கான படிப்பில் அப்போது இரண்டாம் வருஷம். எங்கள் ஊரான கல்லலிலிருந்து தினமும் பஸ். காலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி, மத்தியானம் வகுப்பு. வெள்ளைக் கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டால் போதும். நான் பஸ் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிடுவேன். அதைப் பார்த்துச் சிலர் எழுந்து இடம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். மறுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்பு எனக்கு நன்றாகவே வந்தது. நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எவ்வளவு உயரத்தில் எக்ஸ்ரே குழாயை நிறுத்துவது எல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும். வராத விஷயம் ஒன்றே ஒன்று. கல்யாணமான பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு, வயிறு இடுப்புப் பக்கம் படம் எடுக்கும் முன்பு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கர்ப்பமாக இருக்கிறீர்களா, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது? கருவின் மேல் கதிர் படக் கூடாது என்பதால் இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

வகுப்பில் இதைப் பேசிப் பழகச் சொன்னார் ஆசிரியை. கூடப் படிக்கும் பெண் ஒருத்தி நோயாளியாக உட்கார்ந்தாள். நான் டெக்னீஷியன். காது இரண்டும் கொதிக்க, “கடைசியா எப்ப?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட்டேன். “எது எப்ப?” என்றாள் அவள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரி உட்கார், ஆஸ்பத்திரியில் பழகிக்கொள்வாய் என்று விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் அக்காமார் இரண்டு பேர். அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல்கூட ஆம்பளைகள் காதில் விழாதபடிதான் வீட்டில் பேச்சு நடக்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்னைப் போலவே வளர்ந்த பையன்கள் நாலு பேர் அந்தக் கேள்வியை இரண்டே வாரத்தில் தண்ணீர் குடிக்கிற மாதிரி கேட்கப் பழகிவிட்டார்கள்.

நான் பழகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். “வீட்டுல ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்பேன். நம் ஊரில் கல்யாணமான பெண்ணிடம் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? சிலர் வெட்கப்பட்டு, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்பார்கள். நாற்பது தாண்டிய ஒரு அம்மா, இந்த வயதிலா என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் கூச்சமில்லை, அவர்களுக்கும் கூச்சமில்லை. என்ன ஒரு மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எக்ஸ்ரே அறைக்குப் பொறுப்பாக இருந்த மேடம் ஒருநாள் இது காதில் விழுந்து, சுற்றி வளைக்காதே, நேராகக் கேள் என்றார். சரி மேடம் என்றேன். மறுநாளும் விசேஷம்தான்.

அந்தச் சித்திரை மாதம் ஒக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டைக் கழுவிவிடும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் விழுந்திருக்கிறார். நாலு நாளாக நிமிர முடியவில்லை. எலும்பு டாக்டர் இடுப்புக்கு இரண்டு படம் எழுதியிருந்தார், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தெந்தப் படம் எத்தனை எடுத்தோம் என்று நாங்கள் ஒரு நோட்டில் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு இடுப்புப் பக்கவாட்டுப் படம் மட்டும் குறைவாகவே இருந்தது. அந்த அக்காவின் வலி எனக்கு நோட்டில் ஒரு வரி.

அறை வாசலில் வைத்துக் கேட்டேன். மாமியார் பின்னால் பெஞ்சில் இருந்தார்.

“வீட்டுல ஏதும் விசேஷம் உண்டாக்கா?”

அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். லேசாகச் சிரித்தார். “ம், இருக்கு” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பெஞ்சிலிருந்து மாமியார் சத்தமாகச் சொன்னார்: “இருக்குல்ல தம்பி. வர்ற வைகாசியில சின்னவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு. அதுக்குள்ள இவ இப்பிடி விழுந்து வச்சிருக்கா.”

அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்றேன். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்றுகூட விசாரித்தேன்.

இந்த இடத்தில் மாமியாரின் பதிலில் ஏமாந்துவிட்டேன் என்று நான் எழுதிவிடலாம். படிப்பவர்களும் நம்பிவிடுவார்கள். ஆனால் அந்தத் தலைக்குனிவை நான் பார்த்தேன். கொழுந்தனின் கல்யாணத்தைச் சொல்கிறவர் யாரும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொல்வதில்லை. மனசுக்குள் ஏதோ இடறியது. உள்ளே போனதும் மாமியார் இல்லாத இடத்தில் இன்னொரு தடவை, இந்தத் தடவை நேராக, கேட்டிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. வாய் எழவில்லை. கல்யாணம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படிவம் இங்கிலீஷில் இருக்கும். கர்ப்பம் இல்லை என்ற கட்டத்தில் நானே டிக் அடித்து, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா என்று விரலால் காட்டினேன். வலியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபடி, தமிழில் முழுப்பெயரையும் எழுதினார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற மேடம், கேட்டாச்சா என்றார். கேட்டாச்சு என்றேன். மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிறுத்துங்கள் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு படமும் தெளிவாக வந்தன. எலும்பு முறிவு இல்லை. மேடம் பாராட்டினார்.

அடுத்த வாரம் காலேஜில் பரீட்சை. கர்ப்பிணியாக இருக்கக்கூடிய பெண்ணுக்குப் படம் எடுக்கும் முன் செய்ய வேண்டியவை என்ன என்று ஒரு கேள்வி. மூன்று பக்கம் எழுதினேன். நோயாளிக்குப் புரியும் சொற்களில், தனியே அழைத்து, சந்தேகம் இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டும் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவின் நினைப்பு அப்போது ஓரத்தில்கூட வரவில்லை.

அது வந்தது, படம் எடுத்து ஒன்பது நாள் கழித்து. அந்த வாரம் எனக்கு ஸ்கேன் அறையில் பேர் கூப்பிடும் வேலை. கதவைத் திறந்தால் அதே மாமியாரும் மருமகளும். சீட்டில் கர்ப்ப ஸ்கேன் என்று எழுதியிருந்தது. சீட்டை மறுபடியும் படித்தேன்.

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்குப் பிறகு லீவில் வந்திருந்து பங்குனியில்தான் திரும்பிப் போனார் என்பதை உள்ளே டாக்டரிடம் மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்கா விஷயத்தை முதலில் கணவரிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். மாமியாரிடம் நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். அப்படியென்றால் இந்த உலகத்தில் இரண்டாவதாக அவர் சொன்னது என்னிடம்.

கம்ப்யூட்டரில் பழைய எக்ஸ்ரே இருப்பதை டாக்டர் பார்த்துவிட்டார். எப்போது எடுத்தது, கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டார்களா என்று விசாரித்துவிட்டு, படிவத்தை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவரப் போனது நான்தான். அலமாரிக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவில் அந்தத் தாளைக் கிழித்துப்போடும் எண்ணம் ஒரு கணம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. இரண்டுக்கும் தைரியம் இல்லாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். “இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

அந்த அக்கா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த வயரைப் பார்த்தேன்.

மாமியார் பிடித்துக்கொண்டார். “படிச்ச பிள்ளைதானடி நீ? கையெழுத்துப் போடுறப்ப கண்ணு எங்குட்டுப் போச்சு? மொதப் பிள்ளை. ஏதாவது ஆச்சுன்னா எம்மகனுக்கு என்ன பதில் சொல்லுவ?”

டாக்டர் நிதானமானவர். பட்டது மிகக் குறைந்த அளவு, குழந்தைக்கு ஆபத்து வரும் அளவு இல்லை, கலைக்கவெல்லாம் தேவையே இல்லை, பயப்படாமல் இருங்கள் என்று இரண்டு தடவை விளக்கினார். மாமியார் கேட்கிற நிலையில் இல்லை. அந்த அக்கா படுத்தவாக்கிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடத்தையும் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய், “நீ கேட்டியா, இல்லையா?” என்றார்.

“கேட்டேன் மேடம்.”

அது பொய் இல்லை. அதில் இருக்கிற அசிங்கமே அதுதான். மேடத்தின் கையில் படிவம் இருந்தது, அதில் கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மார்கழியில் பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை என்று மேடம்தான் சொன்னார். கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனால் சித்திரையிலிருந்து மார்கழி வரைக்கும் அந்த வீட்டில் அந்த அக்கா எத்தனை பேச்சு வாங்கியிருப்பார், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவ்வளவும் என் தலையில் விழுந்திருக்கும். எனக்கு என்ன ஆகியிருக்கும்? திட்டு விழுந்திருக்கும், பயிற்சியை ஒரு மாதம் நீட்டியிருப்பார்கள். அவ்வளவுதான்.

படிவத்தைக் காட்டிய அன்றைக்கே உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்கேன் முடிந்து, மாமியார் மருந்து வாங்கப் போயிருந்தார். அந்த அக்கா வராந்தாவில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கையில் ஃபைல்களோடு, அவசரமாக இருப்பவன் மாதிரி நடந்தேன். “தம்பி” என்று கூப்பிட்டார். நின்றேன். என்னைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“உங்களையும் வஞ்சாகளா தம்பி?” என்றார்.

இல்லை, யாரும் திட்டவில்லை என்று தலையாட்டினேன்.

“நீங்க கேட்டீக. நானும் இருக்குன்னுதான் சொன்னேன். அத்தை பக்கத்துல இருந்தாகளா, வெளங்குற மாதிரி சொல்ல முடியல. எம்மேலதான் தப்பு. மனசுல எதுவும் வச்சுக்கிராதீக.”

என் கோட்டுப் பையில் பேனா இருந்தது. படிவம் உள்ளே மேஜை மேலேயே இருந்தது. டாக்டர் இன்னும் கிளம்பவில்லை. எல்லாம் பத்தடி தூரத்தில்.

“பரவாயில்லக்கா” என்றேன். “இனிமே கேட்டா, தெளிவாச் சொல்லுங்க.”

சரி தம்பி என்று தலையாட்டினார்.