சங்கு விற்ற கதை

புத்தகம் விற்பது பெரிய வித்தை இல்லை. உள்ளூர்க்காரர் எழுதியதை உள்ளூரிலேயே விற்றுப் பாருங்கள், அப்போது தெரியும். என்னைப் போல் கடை போட்டு அவதிப்படுகிறவர்கள் தலையாட்டுவீர்கள்.

பலகை

தூத்துக்குடியில் என் கடையில் 'நம்மூர் எழுத்தாளர்கள்' என்று பலகை மாட்டி ஒரு தட்டு ஒதுக்கினேன். அதில் முதலில் வைத்தது மிக்கேல் எழுதிய 'சங்கு' நாவல். மிக்கேல் முப்பது வருஷம் கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். இங்கே பத்துப் பிரதி விற்றால்தான் இரண்டாம் பாகம் அச்சாகும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

ஒரு பேராசிரியர் வந்தார். நம்மவர்களை நாமே படிக்காவிட்டால் யார் படிப்பது என்று கால்மணி நேரம் பேசினார். பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, தன்னைப் போட்டோ எடுக்கும்படி என்னிடமே சொன்னார். பிறகு வெற்றி பெறும் வழிகளைச் சொல்லும் அமெரிக்கப் புத்தகம் ஒன்றைக் கேட்டார். நான் 'சங்கை' நீட்டினேன்.

"கட்டாயம் படிக்கணும் அண்ணாச்சி. நம்மூர்க்காரர்தான, நேர்ல பாத்தா எனக்கு ஒண்ணு சும்மா தரமாட்டாரா?"

மொய்க்குப் பதில்

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர், அக்காள் மகன் கல்யாணத்துக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்று வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். 'சங்கை' எடுத்து, வண்ணத்தாள் சுற்றி, நாடாவும் கட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் புத்தகத்தின் பெயரைக் கேட்டார். முகம் மாறிவிட்டது. நாடாவை அவரே அவிழ்த்தார்.

"நல்லா இருக்கே! தாலி கட்டுத அன்னைக்கே மாப்பிள்ளைக்குச் சங்கு ஊதச் சொல்லுதீயளா?"

பெயர் மாற்றம்

இதைக் கேள்விப்பட்ட பதிப்பாளர், அட்டையை மாற்றி 'முத்து' என்று போட்டுவிடலாம், முத்து நகரில் முத்து விற்காதா என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மிக்கேலிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

"கூட முங்குன ஆளுவ இன்னும் உசுரோட இருக்கானுவ அண்ணாச்சி. ஒருநாளாவது முத்து எடுத்தியாலேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

பெருமாள் வராத நாவல்

கடைசியில் ஒரு பிரதி விற்றது. வாங்கியவர் ஆழ்வார்திருநகரியில் இருந்து வந்த ரிட்டயர்டு டீச்சர். பெருமாள் கையிலிருக்கும் சங்கைப் பற்றிய புத்தகம் என்று நினைத்து எடுத்தார். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பாவம்தான், என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்து அதே புத்தகத்தோடு வந்தார். அட்டை கிழிந்து, முதுகில் டேப் ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டேன். அவரோ, கதையின் கடைசிப் பக்கத்தில் கடலில் முங்கிய பையன் மேலே வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அது இரண்டாம் பாகத்தில்தான் வரும், இன்னும் ஒன்பது பிரதி போனால்தான் அது அச்சாகும் என்றேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க தெருவுல பதினோரு ஆத்துலயும் இந்த ஒரே புஸ்தகத்தத்தான் படிச்சுட்டு, அந்தப் பிள்ளை என்ன ஆனான்னு தூங்காம இருக்கோம், நீங்க என்னடான்னா யாரும் வாங்கலைங்கறேளே!"

நம்மூர் எழுத்தாளரை நம்மூர்க்காரர்கள் படிப்பதில்லை என்று இனி எவனாவது சொன்னால் சண்டைக்கே போவேன், ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறான்.